அக்கா ராஜா கட்சி
ஜன்னல் வழியே மாலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. நாளை தங்கைக்கு மாலை வகுப்பின் துன்பியல் நாடகத் தேர்வு. போன முறை குறிப்பேட்டைப் பார்க்காமல் ஒரு வரியும் ஓடாததால் தோற்றவள் அவள். பட்டாணி உரித்தபடியே அக்கா வம்புக்கு இழுக்கிறாள். "பாவம்டி உன் நாடகத்து ராஜா. பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கொலை பண்ணிட்டான்." "என்னக்கா நீ! ஆசை முதல்ல அவனுக்குள்ளதானே முளைச்சுது? அடுத்த கொலையை அவளைக் கேட்டா பண்ணான்?" உரிக்காத காயை ஆட்டி ஆட்டி, காட்சி காட்சியாக அடுக்குகிறாள் தங்கை. "அப்படிப் போடு! இதையே நாளைக்கு எழுதிட்டு வா." அப்போதுதான் தங்கை தன் குறிப்பேட்டைத் தேடுகிறாள். ஒட்டிய கலர் சீட்டுகளோடு அது பட்டாணித் தட்டுக்கு அடியில் மூடியே கிடக்கிறது. நன்றி என்றால் அக்கா கேலி செய்வாள். தங்கை, அக்காவின் மடியிலிருந்து ஒரு பிடி காயை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொள்கிறாள்.