தொண்டைக்கு ஒரு ஜெபம்

“திருடி! பச்சைத் திருடி!” என்றாள் கிருபாபாய், சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே.

ஆராதனை முடிந்ததும் முன்னாலேயே வீடு திரும்பிவிட்ட அவள் கணவர் ஐயாதுரை பேப்பரை மடக்கினார். “யாரு? எதைத் திருடுனா?”

“பக்கத்து வீட்டுப் பரிபூரணம். என் வேதாகமத்தை.”

“அது உன் கையிலதான இருக்கு?”

“உள்ள இருக்கதைத் திருடுதா!”

விஷயம் இதுதான். எண்பத்தாறாம் வருஷப் பிறப்பன்று ராஜபாளையத்தில் அந்தச் சபைப் பெண்கள் ஒரு தீர்மானம் எடுத்தார்கள். ஆதியாகமத்தில் தொடங்கி, அவரவர் வேகத்தில் வேதாகமத்தை முழுக்க வாசிப்பது. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கூடி, அந்த வாரம் மனதைத் தொட்டதைச் சொல்வது. நன்றாகச் சொல்கிறவருக்குப் பெண்கள் ஞாயிறன்று பிரசங்க மேடை.

கிருபாபாய் அந்த மேடைக்கென்றே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வெள்ளைச் சேலை எடுத்து வைத்துவிட்டாள். காலையில் மில் சங்கு ஊதும்போதே எழுந்து, ஒரே சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடு அத்தனைக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசிப்பாள். பக்தியும் வளரும், நாலு பேருக்கும் தெரியும்.

ஆனால் பேர் வாங்கியது பரிபூரணம்.

இன்றைக்கும் அப்படித்தான். பஞ்ச காலத்தில் ஒளிந்திருந்த எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் அப்பம் கொண்டுவந்த பகுதி. “நாமும் எலியாவைப் போல விசுவாசமா இருக்கணும்” என்றாள் கிருபாபாய். போன மாதம் தாவீதைப் போல இருக்கச் சொல்லியிருந்தாள்.

பரிபூரணமோ புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “நான் அந்தக் காக்காவைத்தான் நெனச்சேன்மா. எங்க வீட்டு முற்றத்துல ஒரு வடையை வைக்க விடுதா? அது அப்பத்தை அலகுல வச்சுக்கிட்டு, தான் திங்காம, அம்புட்டுத் தூரம் பறந்து வந்திருக்கே!”

போதகரின் மனைவியை அங்கே ஐயரம்மா என்பார்கள். அந்த ஐயரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிருபாபாய் வேதாகமத்தைப் படாரென்று மூடிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

“நான் எங்க வாசிக்கேனோ அங்கதான் அவளும் நிக்கா. காய்ச்சல்ல நான் விட்டா அவளும் விடுதா. சுவத்துல காதை வச்சுக் கேட்டு என் வாசிப்புல பேர் வாங்குதா. நாளையிலருந்து வாய்க்குள்ளதான் வாசிப்பேன்!”

“ஏட்டி, வேத வசனத்துக்குமா வேலி போடுவ?”

“போடுவேன்.”

போட்டாள். மறுநாள் முதல் வீட்டில் சத்தமே இல்லை. சுவர் வழியே ஒரு சொல்கூடப் போய்விடக் கூடாதென்று, சோறு வேண்டுமா என்பதைக்கூடக் கணவரின் காதோரம் கிசுகிசுத்தாள்.

வியாழக்கிழமை பரிபூரணம் வாசலில் வந்து நின்றாள். கையில் பனங்கற்கண்டுப் பொட்டலம். “கிருபாக்காவுக்கு முடியலையா அண்ணாச்சி?”

உள்ளிருந்து கிருபாபாய் கைஜாடை காட்டினாள். ஐயாதுரை வேறு வழியில்லாமல், “படுத்திருக்காம்மா” என்றார்.

“பாத்தியளா, உளவு பாக்க வாரா!” என்று கிசுகிசுத்தாள் கிருபாபாய். பனங்கற்கண்டை மட்டும் பாலில் போட்டுக் குடித்தாள்.

ஞாயிறு வந்தது. மேடைக்கு யாரென்று ஐயரம்மா சொல்லப்போகும் நாள். அவர் முதலில் பரிபூரணத்தைத்தான் எழுப்பினார்.

பரிபூரணம் தயங்கித் தயங்கி எழுந்தாள். “இந்த வாரம் சொல்ல ஒண்ணுமில்லம்மா.”

கிருபாபாய்க்கு உச்சி குளிர்ந்தது. பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

“ஏன், வாசிக்கலையா?” என்றார் ஐயரம்மா.

“கண்ணுல புரை விழுந்து எழுத்து மறைஞ்சு ரொம்ப நாளாச்சும்மா. எல்லாரையும் போல நானும் பேரைக் குடுத்துட்டு, வீட்டுல போய் அழுதேன். மறுநாள் காலையில சுவத்துக்கு அந்தப் பக்கம் கிருபாக்கா வாசிக்க ஆரம்பிச்சாக. அவிய படிச்சவிய, தனக்குன்னா மனசுக்குள்ளயே வாசிச்சுக்கலாம். எனக்குக் கேக்கணும்னுதான் அம்புட்டுச் சத்தமா வாசிச்சாக. ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டல. அன்னைக்கு நான் சொன்ன காக்கா வேற யாருமில்லம்மா, எங்க அக்காதான்.”

எல்லாத் தலைகளும் கிருபாபாய் பக்கம் திரும்பின.

“ஒரு வாரமா அவிய சத்தம் கேக்கல. தொண்டை கட்டிக்கிச்சு, வெளிய சொல்லாமக் கெடக்காக. மேடையில அவியளையே பேச வைங்கம்மா. அதுக்கு முந்தி எல்லாரும் அவிய தொண்டைக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க.”

ஐயரம்மா எழுந்து வந்து கிருபாபாயின் கையைப் பிடித்தார். “இப்ப தொண்டை எப்படி இருக்கு, கிருபா?”

கிருபாபாய் வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

“கேட்டியளா, எம்புட்டுக் கட்டியிருக்கு!” என்று முதல் ஆளாக முழங்கால் போட்டாள் பரிபூரணம்.