மேசைக்கு அடியில்

நான்காவது முறையாகவும் அதே வரி திரையில் வந்து நிற்கிறது: பழைய ஆன்டிவைரஸை நீக்கினால்தான் புதிய சிஸ்டம் ஏறும். அது ஏறாவிட்டால் புதிதாக வாங்கிய அச்சு இயந்திரம் அசையாது. அச்சகத்தை விட்டு அண்ணன் வெளியேறிய அன்றே, அவன் கம்ப்யூட்டரில் போட்டுவைத்ததையெல்லாம் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு அழித்திருந்தான். ஆனாலும் அந்த ஆன்டிவைரஸின் மிச்சம் எங்கோ ஒட்டிக்கொண்டு, அண்ணன் வைத்த பாஸ்வேர்டைக் கேட்கிறது. ஷட்டர் இடுக்கில் நுழைந்த மத்தியான வெயில் தம்பியின் கழுத்தில் புடைத்த நரம்பின் மேல் கோடாக விழுகிறது. "என் கடைக்குள்ளயே இருந்துகிட்டு எனக்கே குறுக்க நிக்கிறியாடா?" என்று கத்துகிறான். யாரைக் கேட்கிறான் என்று மனைவிக்குத் தெரியும். காகிதக் கட்டை மார்போடு அணைத்தபடி, "உங்க அண்ணனுக்கு ஒரு போன் போட்டா சொல்லிட்டுப் போறாரு, விடுங்க" என்கிறாள். "அவன்கிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன்!" தம்பி எடுத்து ஓங்கிய சுத்தியல் இறங்குகிறது. திரை நொறுங்கி மேசையிலிருந்து சரிகிறது. அடுத்த அடி கீபோர்டில் விழ, அதன் எழுத்துகள் பெயர்ந்து பற்களைப்போலத் தரையில் உருள்கின்றன. போன வருடம் அண்ணனின் முன்பல் இரண்டு விழுந்ததும் இதே தரையில்தான். கண்ணாடி கிழித்த உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்ட, தம்பி மூச்சிரைத்து நிற்கிறான். அப்போதுதான் இருவருக்கும் கேட்கிறது: மேசைக்கு அடியில், ஒரு கீறல்கூட இல்லாமல், கம்ப்யூட்டர் பெட்டியின் காற்றாடி சீராக ஓடிக்கொண்டிருக்கிறது.