முப்பது மாத்திரை, பதினைந்து நாள்

"ஒரு மாசத்துக்கு வாங்கின மாத்திரை பதினஞ்சு நாள்ல எப்படிடி தீரும்? போன மாசமும் இதே கதை!" அம்மா காலி அட்டையை ஆட்டிக் காட்டினாள்.

"தினமும் ஒண்ணுதாம்மா போடறேன்." கணக்கு டீச்சரான மகளுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டில் யாரும் அவளை நம்புவதில்லை.

"பொய் சொல்லாதே. போதையாப் பழகிடுச்சு உனக்கு."

நாளிதழுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நம்ம பரம்பரையிலேயே இந்த வியாதி கிடையாது. எல்லாம் கொழுப்பு. காலையில எழுந்து நாலு தெரு நட. என்னைப் பாரு!"

"மூணு மாசம் எழுந்து பல்லு தேய்க்கக்கூட முடியாமக் கிடந்தேனே, அது கொழுப்பாப்பா? இந்த மருந்தாலதான் வேலைக்கே போறேன்!"

"வாய் வேறயா?" அம்மா புதிதாக வாங்கி வந்த அட்டைகளை அள்ளிக்கொண்டு குப்பைத்தொட்டிக்கு நடந்தாள்.

மகள் பாய்ந்தாள். அதற்குள் அப்பா பாய்ந்துவிட்டிருந்தார். அட்டைகள் அவர் கையில் இருந்தன.

"தூக்கிப் போடாதே," என்றார் மனைவியிடம். "ரிட்டையர் ஆனதுலேருந்து எனக்குப் பொழுது விடியறதே பிடிக்கல. இதைப் போட்டப்புறந்தான் எழுந்து நடக்கறேன்."

மகளுக்குப் பரிதாபம் வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. "ரெண்டு மாசமா என் மருந்தைத் திருடித் தின்னுட்டு, என்னையே திட்டினீங்களா? சட்டையை மாட்டுங்க. டாக்டர்கிட்ட போறோம்."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "டோக்கன் மட்டும் உன் பேர்லயே போட்டுடேம்மா."

மகள் போனை எடுத்தாள். அப்பாவின் பெயரை, இனிஷியலோடு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.