துபாயில் காலை ஐந்தரை

பெங்களூர் விவேக் நகர் வீட்டின் பின்னறையில் துபாய் தயாராகிக்கொண்டிருந்தது.

ஜன்னலைச் சாத்தி, சுவரில் வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டிவிட்டு, டிரேவர் ஹோட்டல் யூனிஃபார்மை மாட்டினான். மேலே மட்டும். கீழே லுங்கி.

இங்கே காலை ஏழு. துபாயில் ஐந்தரை. அவன் வேலைக்குக் கிளம்புகிற நேரமாம்.

விசா வந்தது நிஜம். மார்ச்சில் தெருவே கேக் வெட்டி வழியனுப்பியதும் நிஜம். ஏர்போர்ட்டில் விமானம்தான் இல்லை.

திரும்பி வந்தபோது லாக்டவுன். தெருவே கதவைச் சாத்திக் கிடந்தது, யாரும் பார்க்கவில்லை. கொரோனா அவனுக்குச் செய்த ஒரே உபகாரம். மே மாதம் விசாவும் காலாவதியாகிவிட்டது.

அதற்குள் தங்கை ஷோபாவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை ஆல்வின், டொரண்டோ. அண்ணன் துபாயில் இருக்கிறான் என்பதற்காகவே சம்பந்தம் பேச வந்த குடும்பம். அண்ணன் ஒரு தடவை மாப்பிள்ளையோடு வீடியோவில் பேசிவிட்டால் முடிவு செய்துவிடலாம் என்றார்கள். குட்டு வெளிப்பட்டால் கல்யாணம் நின்றுவிடும்.

ஆல்வின் திரையில் வந்தான். கழுத்துவரை ஸ்வெட்டர். பின்னால் இருட்டு. அங்கே இரவு ஒன்பதரை.

"அங்க எப்படி ப்ரோ, கோவிட்லாம்?"

"செம ஸ்ட்ரிக்ட் ப்ரோ. ரூமைவிட்டு வெளியவே விடறதில்ல."

அன்று அவன் சொன்ன ஒரே உண்மை. விடாதது அம்மா.

ஆல்வின் டொரண்டோ குளிரை விவரிக்க ஆரம்பித்தான். ஆனால் அவன் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

அப்போது குப்பை ஆட்டோவின் பாட்டு கேட்டது.

டிரேவருக்கு உயிர் போய்விட்டது. ஆனால் இவர்கள் தெருவுக்குக் குப்பை ஆட்டோ ஆறரைக்கே வந்துவிட்டுப் போயிருந்தது. சத்தம் வந்தது போனுக்குள்ளிருந்து.

ஈரக் குப்பை தனி, உலர்ந்த குப்பை தனி என்று கன்னடத்தில் பாடிக்கொண்டே மாநகராட்சி ஆட்டோ டொரண்டோவைக் கடந்து போனது.

ஆல்வின் பாய்ந்து மியூட்டை அழுத்தினான். டிரேவரும் அழுத்தினான்.

கதவருகே ஷோபா நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்து டிரேவர் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணா," என்றாள் அவள். "டொரண்டோல காவேரித் தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுன்னு கேளு."