இடிகம்பி

புகை கலையட்டும் என்று துவாரகன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருக்கிறான். ஜெர்மனியின் வுப்பர்டால் நகருக்கு வெளியே, காட்டோரச் சுடுதளத்தின் கூரைக்குக் கீழே வெண்புகை அசையாமல் தொங்குகிறது; கந்தக நெடி தொண்டையைக் கமறுகிறது. வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் இடியன் துவக்கு இந்தமுறை தோளைப் பொல்லாத உதை உதைத்திருக்கிறது. காலையிலிருந்து எல்லாச் சூடும் இடப்பக்கமே விலகியதால் ஸ்கோப்பின் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தான். குண்டைக் குழாய்க்குள் இடித்து இறக்கும்போதுதான் மனைவி மிதுஷாவின் கைபேசி ஒலித்தது. "பிள்ளைக்குக் கிட்டாவில இடம் கிடைச்சிட்டுதாம்!" என்று, குழந்தைகள் காப்பகத்துக்குக் காத்திருந்து களைத்திருந்த அவள் துள்ள, அவனும் சிரித்தபடியே குந்திக் குறிபார்த்துச் சுட்டுவிட்டான். தூரத்துக் குறிக் கடதாசியைக் கண்ணுக்குள் கொண்டுவரும் ஸ்கோப்பில் குழாயின் வாய் தெரிவதில்லை. இப்போது புகை விலகுகிறது. கடதாசியின் நட்டநடுவில், பித்தளைப் பிடியில் வெயில் மினுங்க, அவன் உருவி எடுக்க மறந்த இடிகம்பி குத்திக்கொண்டு நிற்கிறது. துவாரகனின் விரல்கள் தாமாகவே குழாயைத் தடவுகின்றன. சுடுகிறது, பிளக்கவில்லை. அதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் மிதுஷாவின் கன்னம். "என்னப்பா, பட்டதோ?" அவன் மறுபடியும் குழாயைத் தடவுகிறான். "சரி, இன்னொண்டு சுடுங்கோ," என்றபடி, ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுப்பதைப்போல, அவள் பாராமலே மேசையில் கம்பியைத் தேடுகிறாள். வெடிமருந்துக் குப்பிக்குப் பின்னால், துணித்துண்டுகளுக்குக் கீழே, அவன் முழங்கைக்கு அருகே என்று துழாவிக்கொண்டே வந்த கை, நிற்கிறது.