முழங்கால் நேர்த்தி

அம்மா கோயில் வாசலிலேயே முழங்காலில் இறங்கி, மெழுகுதிரியை என் கையில் தந்தார்.

எங்கள் ஆட்களின் முழங்கால் நேர்த்தி இப்படித்தான். தலவில் அன்னம்மாள் கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நேர்ந்தவர் முழங்காலில் போவார். யாருக்காக நேர்ந்ததோ அவர் மெழுகுதிரியோடு முன்னால் நடப்பார்.

தங்கச்சி மெலனியும் பக்கத்தில்தான் நின்றாள். அம்மா அவளைப் பார்க்காமல் என்னிடம் தந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பாடா, இந்த வீட்டில் ஒருவராவது எனக்காகச் சந்தோஷப்பட்டாரே!

மூன்றாவது முறை உயர்தரப் பரீட்சை எழுதி மெடிசினுக்கு இடம் எடுத்தவள் நான். மூன்றுக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இந்த முறையும் தவறியிருந்தால் அவ்வளவுதான், கதை முடிந்தது.

"என்ன புள்ள, சோதினையவே கட்டிக்கிட்டியா?" என்று பக்கத்து வீட்டுப் பவுலினா அன்ரி வேலிக்கு மேலால் கேட்கும்போதெல்லாம் பல்லைக் காட்டிவிட்டு, உள்ளே வந்து அழுதிருக்கிறேன்.

மெலனிக்கு இது முதல் முறை. அவளுக்கும் எனக்கும் ஒரே வருடம், ஒரே மண்டபம். நான் இரண்டு தரம் விழுந்து எழும்பிப் படித்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் போதும். எனக்குப் பத்துத் தடவை வேண்டும்.

மெடிசினுக்கு எடுபடுகிற கடைசிப் புள்ளி, வெட்டுப்புள்ளி, வெளிவந்தபோது அது என்னுடைய புள்ளியேதான். புத்தளம் மாவட்டத்தில் மெடிசினுக்குக் கடைசியாக உள்ளே போகிறவள் நான்.

மாவட்ட வரிசையில் எனக்கு அடுத்த ஆள் மெலனி.

அவள் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் தந்தாள். பிறகு போய்ப் படுத்தவள்தான். சோறும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம், கதையும் இல்லை. கேக் வாங்கக் கல்பிட்டிக்குப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

உள்ளே போகிறவர்களில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் பதியாமல் விட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்களாம். வீட்டில் இதை முதலில் யார் சொன்னார்களோ தெரியாது. அதற்குப் பிறகு ஒருவரும் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"பதியிறதுக்கு இன்னும் நாள் கிடக்குத்தானே. அந்தரப்படாத புள்ள," என்றார் அப்பா, வலையைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்கு இன்னும் இரண்டு முறை இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. வாய் திறந்து யாரும் எதையும் கேட்கவில்லையே, எதற்கென்று பதில் சொல்வது?

ஆனால் அம்மாவுக்கு விளங்கியிருக்கிறது. பெற்றவள் அல்லவா. அதுதான் நன்றி சொல்லக் கூட்டிவந்திருக்கிறார்.

மெதுவாக நடந்தேன். பின்னால் அம்மாவின் முழங்கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது. வாரநாள், கோயிலில் ஆட்கள் குறைவு. சிலாபத்துப் பக்கமிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

அம்மாவுக்கு மூட்டு வருத்தம். கருவாடு காயப்போடக் குனிந்தாலே முனகுகிறவர். எனக்காக இந்தப் பாடு படுகிறாரே என்று மனம் உருகிப்போனது. நான் டொக்டராகி முதல் வேலையாக இந்த முழங்காலைத்தான் பார்ப்பேன் அம்மா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாதி வழியில் அம்மாவின் செபம் காதில் விழுந்தது. எங்கள் ஆட்களுக்கு மனதுக்குள் செபிக்கத் தெரியாது. அன்னம்மாளுக்குக் கேட்க வேண்டாமா?

"தாயே, மூத்தவட மனச மாத்தித் தா. அவள் பதியாம விடட்டும். அவள் தோத்துப் பழகினவள், தாங்குவாள். சின்னவள் தாங்க மாட்டாள் தாயே."

என் கால் நின்றுவிட்டது.

நேர்த்தி எனக்காகத்தான், அதில் பிழையில்லை.

தோற்றுப் பழகினவளாம்! பழகுகிற காரியமா அது?

திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகமெல்லாம் வேர்வை. வெள்ளை நீளச் சட்டையில் முழங்கால் பட்ட இடத்தில் இரத்தம் கசிந்திருந்தது. மெலனி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

"என்ன நிக்கிற? நட புள்ள," என்றார் அம்மா.

நேற்றுப் பின்னேரமே கல்பிட்டியில் ஒரு கொமினிகேஷன் கடைக் கம்பியூட்டரில் நான் பதிந்துவிட்டேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

எழும்புங்கள் அம்மா, எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அங்கேயே எழும்பியிருப்பார்.

பீடத்துக்கு இன்னும் பாதித் தூரம் கிடந்தது.

நான் நடந்தேன்.