முள்ளின் முதல் பெயர்

கிணறு வற்றிய பிறகு ஞானப்பூவின் நிலம் முழுக்க முள் ஏறிவிட்டது. வெட்டினாள், வேரோடு எரித்தாள். அடுத்த மழைக்கு இரட்டிப்பாக முளைத்தது. நாளை நிலத்தை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போவது என்று கணவன் வேதமுத்து முடிவு செய்துவிட்டான். அவள் போதகரிடம் ஓடினாள்.

"ஐயா, ஆதாமைச் சபிச்சப்போ ஆண்டவரு முள்ளுக்கு என்ன பேரு சொன்னாரு?"

"வேதத்துலதான் இருக்கே, முள்ளும் குருக்கும்னு."

"அது நம்ம தமிழுல்லா, ஆண்டவரு பேசின பாஷை இல்லையே. அதைச் சொல்லி அதட்டிப் பாத்துட்டேன். அதுக்குக் கேக்கல."

போதகர் வேதாகம அகராதியைப் புரட்டினார். பிறகு, எபிரெயத்தில் முள்ளுக்குக் 'கோட்ஸ்', குருக்கு என்னும் முட்செடிக்குத் 'தர்தர்' என்றார். அவர் சிரிக்கவில்லை.

வழியெல்லாம் முணுமுணுத்தபடி வந்து, வரப்பில் நின்று முதல் பெயரை உரக்கச் சொன்னாள்.

"கோட்ஸ், போயிரு."

காற்றே இல்லாத வெயிலில் முட்காடு முழுவதும் ஒருமுறை அசைந்தது.

போதகரிடம் விசாரித்துவிட்டு அவளைத் தேடி வந்த வேதமுத்து பின்னால் நின்றிருந்தான். "ஏளா, பெத்தவரு வெச்ச பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அது வரத்தானே செய்யும்? போவவா செய்யும்?"

இரண்டாவது பெயர் நாக்கு நுனியில் இருந்தது. ஞானப்பூ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.